பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் உதைக்கிறதா? கியர் பாக்ஸைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

பெங்களூருவில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய ஆட்டோமேட்டிக் கார்கள் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் வந்து, வரி கட்டப்பட்டுத் தமிழ்நாட்டுப் பதிவெண் பெறுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. விலையும் குறைவு, ஓடோமீட்டர் காட்டும் தூரமும் குறைவு என்பதால் வாங்குகிறவருக்கு மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் நகர நெரிசலில் நின்று நின்று ஊர்ந்து ஒரு கார் ஓடிய 60,000 கிலோமீட்டரும், கிருஷ்ணகிரி–சேலம் நெடுஞ்சாலையில் இன்னொரு கார் ஓடிய 60,000 கிலோமீட்டரும் கியர் பாக்ஸுக்கு ஒன்றல்ல. முதல் காரின் கியர் பாக்ஸ் பல மடங்கு அதிக நேரம் வேலை செய்திருக்கும், அதிக வெப்பத்தைத் தாங்கியிருக்கும், பல மடங்கு அதிக முறை கியர் மாற்றியிருக்கும். அப்படிப்பட்ட வண்டி நம் கைக்கு வந்த சில மாதங்களில் கியர் மாறும்போது உதைக்கத் தொடங்கினால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

என் வண்டியும் அப்படி வந்ததுதான். நான்கு கியர் கொண்ட, 2010-ஆம் ஆண்டின் சிறிய கார் அது. ‘டி’-க்கு மாற்றியவுடன் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பிறகு நகரும். பெருநகரப் பணிமனை ஒன்றில் காட்டியபோது, ஆயில் குச்சியைக்கூட உருவிப் பார்க்காமல், கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்தாக வேண்டும் என்று சொல்லி, வண்டியின் மதிப்பில் பாதிக்கு மேல் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு, காவேரிப்பட்டினம் பக்கம் வசிக்கும் வயதான ஃபிட்டர் ஒருவர் பானெட்டைத் திறந்து, என்னை உள்ளே உட்கார வைத்து, பிரேக்கை மிதித்தபடி கியரை மாற்றச் சொன்னார். எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்ததைப் பார்த்ததும், “தம்பி, பாக்ஸு நல்லாத்தான் இருக்கு, மவுண்டிங்குதான் போயிடுச்சு” என்றார். எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் மவுண்டிங் ஒன்றை மாற்றியதோடு அந்தக் குலுக்கல் நின்றது. கியர் பாக்ஸைப் பிரிப்பது கடைசி வேலை என்றும், அதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் பல உண்டு என்றும் அன்றுதான் எனக்கு விளங்கியது. அந்தச் சோதனைகளை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே சொல்லப்படுவது, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் கொண்ட பழைய முறைக்கு உரியது. பழைய ஐ10, வெர்னா, 2008-இல் வந்த ஹோண்டா சிட்டி, கொரோலா ஆல்டிஸ் போன்ற கார்களின் ஆட்டோமேட்டிக் வகைகளில் இருப்பது இதுவே. 2014-இல் செலேரியோவோடு பரவலான ஏஎம்டி என்பது சாதாரண கிளட்சையும் சாதாரண கியர் பாக்ஸையும் மோட்டாரின் துணையால் இயக்கும் வேறொரு ஏற்பாடு. கியர் மாறும் நேரத்தில் லேசாகத் தலையாட்டுவது அதன் இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ணிச் செலவு செய்ய வேண்டாம். கியர் படிகளே இல்லாத சிவிடி, இரட்டைக் கிளட்ச் ஆகியவற்றுக்கும் சோதனை முறை வேறு.

‘கியர் தூக்கி அடிக்கிறது’ என்ற ஒரே சொல்லில் நாம் நான்கு வெவ்வேறு குறைகளை அடக்கிவிடுகிறோம். கியர் மாறும் கணத்தில் பின்னாலிருந்து யாரோ முட்டியது போன்ற அடி விழுந்தால் அது உதைப்பு. கியர் மாறும்போது எஞ்சின் சுற்று மட்டும் விறுவிறுவென ஏறி, வண்டி வேகம் பிடிக்காமல் இருந்து, பிறகு பிடித்தால் அது நழுவல். ‘என்’-லிருந்து ‘டி’-க்கோ ‘ஆர்’-க்கோ மாற்றிய பிறகு வண்டி யோசித்து யோசித்துக் கிளம்பினால் அது தாமதம். சீரான வேகத்தில் போகும்போது சாலையின் வேகத்தடைக் கோடுகள் மீது ஓடுவது போலத் தொடர்ந்து அதிர்ந்தால் அது நடுக்கம். இந்த நான்கையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே கண்டுபிடிப்பில் பாதி முடிந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் கியர் பாக்ஸின் உள்ளே இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் ஒரு கியரை விட்டு இன்னொன்றைப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். அந்த அழுத்தம் சிறு சிறு கிளட்ச் தட்டுகளின் அடுக்கை நெருக்கிப் பிடிக்கிறது. எப்போது, எவ்வளவு அழுத்தம் எந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்பதை ஆயில் வழிகளைத் திறந்து மூடும் வால்வு பாடியும் அதிலுள்ள மின்வால்வுகளான சோலனாய்டுகளும் தீர்மானிக்கின்றன. அழுத்தம் தேவைக்கு மிகுந்தால் கிளட்ச் சட்டென்று கவ்வும், நமக்கு உதைப்பாகத் தெரியும். அழுத்தம் குறைந்தால் கிளட்ச் வழுக்கும், நழுவலாகத் தெரியும். ஏதேனும் ஒரு சென்சார் தவறான தகவல் தந்தால், கியர் மாற்றத்தை நடத்தும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிடாமல் காப்பதற்காகவே அழுத்தத்தை உச்சத்துக்குக் கொண்டு போய்விடுவதும் உண்டு. ஆகையால் உதைப்பு பயமுறுத்தினாலும் பெரும்பாலும் உயிர்க்கொல்லி அல்ல. சத்தமின்றி நழுவும் வண்டிதான் உள்ளே கருகிக்கொண்டிருக்கும் வண்டி. அதை ஒரு நாளும் அலட்சியப்படுத்தக் கூடாது.

ஒரு சிறு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். முதல் ஓட்டம் காலையில், இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியில். இரண்டாவது ஓட்டம் இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகு, போக்குவரத்துக் குறைந்த சமமான சர்வீஸ் சாலையில், ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்து. மூன்றாவது ஓட்டம் வண்டி நன்றாக வெந்த பிறகு, அதாவது சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி வந்த மறு நிமிடத்திலோ, வெயில் நேரத்தில் தருமபுரி நகருக்குள் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகோ. ஒவ்வொரு ஓட்டத்திலும் எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு மாறும்போது குறை தெரிகிறது, அப்போது வேகம் என்ன, எஞ்சின் சுற்று என்ன, மெதுவாக மிதித்தபோதா அழுத்தி மிதித்தபோதா என்று எழுதுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதுவதே நல்லது. ஓட்டுகிறவர் எழுத முயல வேண்டாம். குளிரில் மட்டும் குறை இருந்தால் ஆயில் தடித்துப் போனதையோ உள் ரப்பர் சீல்கள் இறுகிப் போனதையோ நினைக்க வேண்டும். சூட்டில் மட்டும் என்றால் ஆயில் நீர்த்துப்போய் அழுத்தம் கசிகிறது என்றோ, சூட்டில் வேலை நிறுத்தும் சோலனாய்டு ஒன்று இருக்கிறது என்றோ எண்ண இடமுண்டு. ஒரே ஒரு கியர் மாற்றத்தில் மட்டும் குறை என்றால் அந்தக் கியருக்குரிய சோலனாய்டோ கிளட்சோதான் முதல் சந்தேகம். எல்லாக் கியரிலும் என்றால் ஆயில், பொது அழுத்தம், சென்சார், மவுண்டிங் என்று பொதுவானவற்றைப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஆயில். ஏடிஎஃப் என்று கடைக்காரர்கள் சொல்லும் இந்த ஆயிலின் அளவைப் பார்ப்பதில் நடக்கும் தவறே பல வண்டிகளின் நோய்க்குக் காரணம். எஞ்சின் ஆயிலைப் போல இதைக் குளிர்ந்த நிலையில் பார்க்கக் கூடாது. வண்டி பதினைந்து இருபது நிமிடமாவது ஓடி, ஆயில் ஏறக்குறைய 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்தபடி, கியர் நெம்பை எல்லா நிலைகளுக்கும் நிதானமாக ஒரு சுற்று நகர்த்த வேண்டும். அதன் பிறகு டொயோட்டாவில் ‘பி’ நிலையிலும், பழைய ஹூண்டாயில் ‘என்’ நிலையிலும், எஞ்சின் ஓடும்போதே குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். ஹோண்டாவில் முறை நேர் எதிரானது: எஞ்சினை அணைத்துவிட்டு, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் ஹோண்டாவை ஓடவிட்டுப் பார்த்து, ஆயில் குறைவு என்று நினைத்து மேலும் ஊற்றுகிறவர்கள் உண்டு. அளவுக்கு மேல் ஊற்றிய ஆயிலைச் சுழலும் பாகங்கள் அடித்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருப்பதால் அழுத்தம் நிலைக்காது. குறைந்தாலும் நழுவும், கூடினாலும் நழுவும். சில வண்டிகளில் குச்சியே இருக்காது. அவற்றை லிஃப்டில் ஏற்றிப் பக்கவாட்டுத் திருகைக் கழற்றித்தான் பார்க்க முடியும் என்பதால் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

குச்சியில் அளவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிவிடாதீர்கள். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்திலோ துவைத்த பழைய வேட்டித் துண்டிலோ விட்டு, ஐந்து நிமிடம் நிழலில் வையுங்கள். நல்ல ஆயில் சிவப்பாக, கண்ணாடி போலத் தெளிவாக, வட்டமாகப் பரவும். பழுப்பேறியிருந்தாலும் சொட்டு விரிந்து பரவினால் அது வயதான ஆயில், மாற்றினால் போதும் என்ற நம்பிக்கை மிச்சமிருக்கிறது. சொட்டு பரவாமல் நடுவில் கருநிறப் புள்ளியாகத் தங்கி, ஓரத்தில் மட்டும் மங்கிய வளையம் விட்டால் அது கிளட்ச் தட்டின் பொடி கலந்த ஆயில். மூக்கருகே கொண்டு போய் முகர்ந்து பாருங்கள். தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே ஏதோ ஒன்று ஏற்கெனவே கருகிவிட்டது. இரண்டு விரல்களுக்கிடையே தேய்க்கும்போது நறநறப்பு தெரிந்தால் உலோகத் துகள் இருக்கிறது என்று பொருள்.

ஆயில் ரோஸ் மில்க் போல வெளிறிக் கலங்கியிருந்தால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பல கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது அரித்து ஓட்டை விழுந்தால் கூலன்ட் கியர் ஆயிலில் கலந்துவிடும், கிளட்ச் தட்டில் உராய்வுத் தாளை ஒட்டியிருக்கும் பசையைக் கரைத்துவிடும். இது நம் பகுதிக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் எவ்வளவு கடினமானது என்பதும், ஃப்ளோரைடு மிகுதியால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தேவைப்பட்டது என்பதும் எல்லோரும் அறிந்ததுதான். அந்த நீரைத்தான் அவசரத்துக்கு ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிந்து குளிர்ச்சியைக் குறைக்கிறது. துருத்தடுப்பு மருந்து இல்லாத நீர் உலோகத்தையும் அரிக்கிறது. ரேடியேட்டரில் தயார்நிலைக் கூலன்டை மட்டுமே ஊற்றுங்கள், அதுவும் கிடைக்காத நேரத்தில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். ஒரு ஆட்டோமேட்டிக் காருக்கு இதைவிட மலிவான ஆயுள் காப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆயில் வகை பற்றி ஒரு வார்த்தை. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஆயில் அல்ல. ஹோண்டாவுக்கு டிடபிள்யூ-1, நான்கு கியர் கொண்ட பழைய ஹூண்டாய்க்கு எஸ்பி-3, டொயோட்டாவில் ஆண்டைப் பொறுத்து டைப் டி-4 அல்லது டபிள்யூஎஸ் என்று ஒவ்வொன்றுக்கும் உராய்வுத் தன்மை வேறு. பவர் ஸ்டீயரிங்குக்காகக் கடையில் சில்லறையாக அளந்து கொடுக்கும் ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்றியபின் உதைக்கத் தொடங்கிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கையேட்டில் எழுதியிருப்பதை மூடிய டப்பாவில் வாங்குங்கள்.

இனி கியர் பாக்ஸுக்கு வெளியே இருந்துகொண்டு கியர் பாக்ஸின் மேல் பழி போடும் பாகங்களைப் பார்ப்போம். மவுண்டிங் சோதனையை முன்பே சொன்னேன். அதைச் செய்யும் முறையில் மட்டும் கவனம் தேவை. வண்டியின் முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. பார்க்கிறவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கைப்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, கால் பிரேக்கை முழுவதும் மிதித்துக்கொண்டு, எஞ்சின் வெறும் ஓட்டத்தில் இருக்கும்போது ‘என்’, ‘டி’, ‘என்’, ‘ஆர்’ என்று ஒவ்வொரு நிலையிலும் மூன்று விநாடி நிறுத்தி மாற்ற வேண்டும். எஞ்சின் சற்றே சாய்வது இயல்பு. இரண்டு விரற்கடைக்கு மேல் எழுந்தாலோ, ‘டங்’ என்று உலோகம் மோதும் ஒலி கேட்டாலோ மவுண்டிங் போய்விட்டது. உள்ளே திரவம் நிரப்பிய மவுண்டிங்குகளில் கறுப்பாக ஒழுகிய தடம் இருந்தால் அதுவே சாட்சி. பின்சக்கர இயக்கம் கொண்ட பெரிய வண்டிகளில் இதே சோதனையின்போது அடியிலிருந்து ‘டக்’ என்று கேட்டால், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான யூ-ஜாயின்டைப் பாருங்கள்.

அதே நேரத்தில் எஞ்சின் சுற்றையும் கவனியுங்கள். சூடான எஞ்சின் வெறும் ஓட்டத்தில் சாதாரணமாக 700 முதல் 800 சுற்றுக்குள் இருக்க வேண்டும். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடி அழுக்கடைந்ததாலோ காற்றுக் கசிவாலோ அது 1,100, 1,200 என்று நின்றால், ‘டி’-க்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் வண்டி உதைக்கத்தான் செய்யும். இதற்குக் கியர் பாக்ஸ் என்ன செய்யும்? த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தாலே அந்த உதைப்பு போய்விடும். மிகப் பழைய வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கியர் பாக்ஸுக்குத் தனிக் கேபிள் ஒன்று போகும். அது இறுகியிருந்தால் கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறும், தளர்ந்திருந்தால் சீக்கிரமாக மாறி நழுவும். அதைச் சரிசெய்ய இரண்டு ஸ்பேனர் போதும்.

‘என்’-லிருந்து ‘டி’-க்கு மாற்றியதும் வண்டி பிடிக்கும் நேரத்தைக் கைப்பேசியின் நிறுத்து கடிகாரத்தால் அளந்து பாருங்கள். ‘டி’-க்கு 1.2 விநாடிக்குள்ளும் ‘ஆர்’-க்கு 1.5 விநாடிக்குள்ளும் பிடிக்க வேண்டும் என்பது டொயோட்டா கையேடுகளில் காணப்படும் அளவு; மற்ற வண்டிகளுக்கும் இதை ஒரு தோராய அளவுகோலாகக் கொள்ளலாம். ஒவ்வோர் அளவுக்கும் இடையே ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

நடுக்கம் என்ற குறைக்கு மட்டும் தனிக் கவனம் தேவை, ஏனென்றால் அங்கேதான் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றின் மேல் ஒன்று பழி போட்டுக்கொள்கின்றன. மணிக்கு 50 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துச் சீராகப் போகும்போது, டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் நேரடியாக இணைக்கிறது. அந்தக் கிளட்சோ ஆயிலோ கெட்டிருந்தால் பிடித்தும் விட்டும் நடுங்கும். சாலை காலியாக இருக்கும்போது, நடுக்கம் தெரியும் அதே வேகத்தில், வலக்காலை ஆக்ஸிலரேட்டரில் அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடக்காலால் பிரேக் பெடலைத் தொடுங்கள். பிரேக் தொட்டவுடன் லாக்-அப் விடுபடும். எஞ்சின் சுற்று இருநூறு முந்நூறு ஏறும். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் குற்றவாளி லாக்-அப். நிற்காமல் தொடர்ந்தால் ஸ்பார்க் ப்ளக், இக்னிஷன் காயில் ஆகியவற்றைப் பாருங்கள். மேடு ஏறும்போது அழுத்தி மிதித்தால் அதிகமாகும் வெட்டல் பெரும்பாலும் எஞ்சினின் வெட்டல்தான். லாக்-அப் நடுக்கத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: தொடக்க நிலையில் இருந்தால் சரியான ஆயிலை மாற்றுவதாலேயே பல வண்டிகளில் அது தணிகிறது.

அடுத்தது மின்சாரம். பழைய பேட்டரி, பச்சை பூத்த டெர்மினல், துருப்பிடித்த எர்த் கம்பி ஆகிய மூன்றும் சோலனாய்டுகளைக் குழப்பப் போதுமானவை. நிலத்தோரத்திலும் புளியமரத்தடியிலும் நிறுத்தி வைக்கும் வண்டிகளில் எலி கடித்த கம்பிகளையும் தேட வேண்டும். கியர் பாக்ஸின் மேல் இருக்கும் வேக சென்சார்களுக்குப் போகும் கம்பிகள் எலியின் பல்லுக்கு எளிதில் எட்டுபவை. ஹோண்டாவில் ‘டி’ விளக்கு விட்டு விட்டு எரிந்தாலோ, பழைய டொயோட்டாவில் ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு அப்படி எரிந்தாலோ, ஹூண்டாயில் வண்டி மூன்றாம் கியரிலேயே சிக்கிக்கொண்டு மெதுவாகக் கிளம்பினாலோ, கட்டுப்பாட்டுப் பெட்டி ஏதோ ஒரு பிழையைப் பதிந்துவைத்திருக்கிறது என்று பொருள். பேட்டரியைக் கழற்றி மாட்டி அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள். பிழை எண்களைக் காட்டும் ஸ்கேனர் கருவியைப் போட்டுப் படியுங்கள். பி0700 என்பது கியர் பாக்ஸில் பிழை இருக்கிறது என்ற அறிவிப்பு மட்டுமே. பி0715 உள்ளீட்டு வேக சென்சாரையும், பி0720 வெளியீட்டு வேக சென்சாரையும், பி0740 வரிசை லாக்-அப்பையும், பி0750 வரிசை சோலனாய்டுகளையும் சுட்டும். பி0730 வந்தால் கியர் விகிதமே பொருந்தவில்லை, அதாவது உள்ளே நழுவுகிறது என்று அஞ்ச வேண்டும். கைப்பேசியோடு இணையும் மலிவான ஸ்கேனர்கள் பலவும் எஞ்சினின் பிழைகளை மட்டும் படித்துவிட்டு, எல்லாம் நலம் என்று காட்டும். கியர் பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் படிக்கும் கருவி இருக்கும் பட்டறையையே நாடுங்கள்.

பிழை எண் வந்துவிட்டதே என்று அந்தப் பாகத்தை உடனே மாற்றவும் வேண்டாம். சென்சாரின் பிளக்கைக் கழற்றி, உள்ளே ஆயில் ஏறியிருக்கிறதா, பின்கள் பச்சை பூத்திருக்கின்றனவா என்று பார்த்து, மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து, கையேட்டின் அளவோடு ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். பழைய ஹூண்டாய்களில் வேக சென்சார்களும், பழைய ஹோண்டாக்களில் மூன்றாம், நான்காம் கிளட்சுகளின் அழுத்த சுவிட்சுகளும் வெளியிலிருந்தே மாற்றக்கூடிய சிறு பாகங்கள். முரட்டுக் கியர் மாற்றத்துக்கு அடிக்கடி காரணமாகிறவையும் அவையே.

எல்லாம் கோளாறு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறும்போது மூன்றுக்கும் நான்குக்கும் இடையே வண்டி மாறி மாறி அலைபாய்ந்தால், ஏற்றத்துக்கு நான்காம் கியர் போதவில்லை என்பதே பொருள். நான்காம் கியரான ஓவர்டிரைவை அணைத்துவிட்டோ ‘3’-இல் வைத்தோ ஏறுங்கள். இல்லையென்றால் அந்த அலைச்சலே ஆயிலைச் சுட வைக்கும். தருமபுரியிலிருந்து இறங்கும்போது கீழ்க் கியரில் பிடித்து இறங்குவது பிரேக்குக்கு நல்லது என்பதை அந்தச் சாலையின் விபத்துகளைப் பார்த்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழ்க் கியருக்கு மாறும்போது எஞ்சின் இரைவதும் லேசாக இழுப்பதும் இயல்பே.

சோதனையெல்லாம் முடிந்து, ஆயில் மட்டும் வயதாகியிருக்கிறது என்று தெரிந்தால், மாற்றிவிடுங்கள். ஆனால் அழுத்தம் கொடுத்துக் கழுவும் இயந்திரத்தில் மாட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பல ஆண்டு மாற்றாத கியர் பாக்ஸில் அது படிவுகளைப் பெயர்த்து வால்வு பாடியின் நுண்வழிகளில் கொண்டுபோய் அடைத்துவிடக்கூடும். வடிகால் திருகைக் கழற்றி, வடிந்த அளவையே திரும்ப ஊற்றுவதுதான் நிதானமான வழி. டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆயில் வடியாது என்பதால், மொத்தம் 6 லிட்டர் கொள்ளும் பாக்ஸில் ஒரு முறைக்கு 2.5 லிட்டர்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை மாற்றியதும் பழையது 58 விழுக்காடு மிஞ்சும்; சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை மாற்றினால் ஏறக்குறைய 20 விழுக்காடாகக் குறையும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். தாங்கிகள் வைத்த பிறகே இறங்குங்கள். வடியும் ஆயில் கையைச் சுடும் என்பதையும் மறக்க வேண்டாம். வடிகால் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல மென்பொடி ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் மினுக்குத் துகளோ சில்லுகளோ இருந்தால் உள்ளே கடின பாகம் உடைகிறது. அப்போது புதிய ஆயில் உதவாது. கருகிய வாடையோடு நழுவும் வண்டிக்கும் ஆயில் மாற்றம் மருந்தாகாது. ஆயில் மாற்றியதால்தான் பாக்ஸ் கெட்டது என்ற பேச்சு ஊரில் நிலவுவதற்குக் காரணம், கெட்டுப்போன பிறகு கடைசி முயற்சியாக மாற்றுகிறவர்கள் அதிகம் என்பதே.

இதற்கு மேல் உள்ளவை தேர்ந்த கைகளுக்கு உரியவை. ஆயில் அழுத்தத்தை மானி வைத்து அளப்பது, வால்வு பாடியை இறக்கிப் பார்ப்பது, டார்க் கன்வெர்ட்டரைச் சோதிப்பது ஆகியவற்றைப் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பார்க்கும் ஸ்டால் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். ஐந்து விநாடிக்கு மேல் நீண்டால் ஆயில் கொதித்துவிடும், பிரேக் விட்டுப்போனால் வண்டி பாய்ந்துவிடும். நழுவும் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம், கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். இயக்கச் சக்கரங்கள் தரையில் உருளும்போது எஞ்சின் ஓடாததால் கியர் பாக்ஸின் பம்பும் ஓடாது. ஆயில் இல்லாமல் உள்ளே அரைபடும். முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் வாகனத்தையே அழையுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது உங்கள் நோட்டையும் அந்தச் சொட்டு விட்ட துணியையும் எடுத்துச் செல்லுங்கள். ‘இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு, சூட்டில் மட்டும், மெதுவாக மிதிக்கும்போது’ என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் நல்ல மெக்கானிக்கும் வேறு விதமாகப் பேசுவார். பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும் என்று சொன்னால், எந்தச் சோதனையின் அடிப்படையில் சொல்கிறார் என்று கேளுங்கள். அழுத்தம் எவ்வளவு இருந்தது, பிழை எண் எது என்று எழுதி வாங்குங்கள். ஆயில் தட்டைக் கழற்றும்போது உடனிருந்து காந்தத்தைப் பாருங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள்.

வேலை முடிந்து வண்டி வந்த முதல் சில நாட்களில் கியர் மாற்றம் சற்று அந்நியமாக இருந்தால் பதற வேண்டாம். பேட்டரியைக் கழற்றியிருந்தாலோ, கட்டுப்பாட்டுப் பெட்டி இதுவரை கற்றுவைத்திருந்த கியர் மாற்ற அளவுகளை ஸ்கேனரால் அழித்திருந்தாலோ, அது புதிதாகக் கற்றுக்கொள்ள நிதானமான ஓட்டம் தேவைப்படும். எல்லாக் கியரும் மாறும்படி, மென்மையாகவும் நடுத்தரமாகவும் மிதித்து ஓட்டுங்கள். ஒரு வாரம் கழித்து, முன்பு ஓட்டிய அதே மூன்று ஓட்டங்களையும் அதே சாலைகளில், அதே சூட்டில் மீண்டும் ஓட்டி, நோட்டின் எதிர்ப்பக்கத்தில் எழுதி வையுங்கள்; ஆயில் சொட்டையும் புதிய துணியில் விட்டு, தேதி எழுதி, பழையதன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.